ரொட்டி பாய் மோட்டார கார் ஏன் கண்டுக்கல: பிறையில நடந்த ஒரு மோதலோட ஆய்வு

என் மச்சான் கார் ஒரு ரொட்டி பாய் மோட்டார (மோட்டார்னா இங்க பைக்கு, ரொட்டி பாய்னா அதுல பெட்டி கட்டி தெருத் தெருவா ரொட்டி விக்கறவரு) பின்னாடியிலேர்ந்து இடிச்சப்புறம், சர்வீஸ் சென்டர்ல குடுத்த பேப்பர்ல ரெண்டே வரிதான். ஃபால்ட் கோட் எதுவும் இல்ல, சிஸ்டம் நார்மல். கேமரா சரி, ரேடார் சரி, காலிபிரேஷன் சரி. என் மச்சான் அத பாத்துட்டு கொதிச்சுப் போயிட்டான், "நார்மல்னா அப்புறம் ஏன்டா இடிச்சுச்சு"ன்னு என்கிட்ட கத்துறான், ஏதோ நான்தான் அந்தக் கார செஞ்சு குடுத்த மாதிரி. நான் பினாங்குத் தீவுல பாயான் லெபாஸ்ல கேமரா மாட்யூல் டெஸ்ட் பண்ற லைன்ல இருக்கேன், கார் கம்பெனிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனா லென்ஸ், சென்சார், அதுல வர்ற படம், அந்தப் படத்த வச்சு ஒரு மாடல் என்ன முடிவு பண்ணுது, இதெல்லாம் தினமும் கையில புழங்குற சமாச்சாரம். அதனால அவன் டேஷ்கேம் மெமரி கார்ட வாங்கிட்டு வந்து உக்காந்தேன். பாத்து முடிச்சப்புறம் சொல்றேன், அந்தப் பேப்பர்ல பொய் இல்ல. கார்ல எதுவுமே ரிப்பேர் ஆகல. ரிப்பேரே ஆகாம இப்படி நடக்கும்ங்கறதுதான் இங்க பேச வேண்டிய விஷயம்.

நடந்தது இதுதான். சாயந்தரம் ஏழரை தாண்டி இருக்கும், மழை விட்டு விட்டு பெஞ்சுக்கிட்டு இருக்கு, மச்சான் வேல முடிஞ்சு தீவுலேர்ந்து பாலம் தாண்டி பிறை பக்கம் ஜாலான் பாருல வந்துக்கிட்டு இருக்கான். ஏசிசி, அதாவது முன்னாடி போற வண்டிக்கு ஏத்த மாதிரி தானா வேகத்த கூட்டிக் குறைக்கறது, போட்டிருக்கான், லேன் நடுவுல புடிச்சு ஓட்டுறதும் ஆன்ல இருக்கு, செட் பண்ண ஸ்பீடு 70. முன்னாடி ஒரு வேன் 60-ல போகுது, இவன் காரும் இடைவெளி விட்டு அது பின்னாடியே ஒழுங்கா போகுது. திடீர்னு வேன் வலது லேனுக்கு மாறுது. முன்னாடி இருந்த வண்டி விலகிடுச்சு, ரோடு காலின்னு கார் முடிவு பண்ணி 70-க்கு ஏற ஆரம்பிக்குது. ரோடு காலி இல்ல. ரொட்டி பாய், லேனுக்குள்ளதான், தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி, உள்ள திரும்பறதுக்காக ரொம்ப மெதுவா போய்க்கிட்டு இருக்காரு. மீட்டர்ல முன் வண்டிய காட்டுற படம் வேன் போனதோட அணைஞ்சுடுச்சு, அந்த எடத்துல வேற எதுவும் வரல. மச்சானே பாத்துட்டு பிரேக்க அழுத்துறான், ஈர ரோட்டுல கார் இழுத்துக்கிட்டே போய் ரொட்டிப் பெட்டியோட வலது மூலையில இடிக்குது. பாய் புல்லுல விழுந்தாரு, முட்டியிலயும் முழங்கையிலயும் தோலு போச்சு, வேற பெரிய அடி இல்ல, ஆண்டவன் புண்ணியம். ரொட்டி பெங்காலி, பன்னு, கச்சாங் பூத்தே பாக்கெட்டு எல்லாம் கால்வாய்ல.

டேஷ்கேம் சத்தத்தையும் சேத்து பதிவு பண்ணும், அத நெறைய பேரு மறந்துடுவாங்க. ஹெட்ஃபோன் போட்டு கேட்டா முதல்ல இன்ஜின் சத்தம் கொஞ்சம் ஏறுது, அப்புறம் டயர் ஈரத்துல உரசுற சத்தம், அதுக்கும் பின்னாடிதான் காரோட "பீப் பீப்" வருது. அதாவது மச்சான் கால் பிரேக்குல போனப்புறம்தான் காருக்கே விஷயம் தெரியுது.

கணக்கு போட்டுப் பாத்தேன். ரோட்டுல இருக்கற வெள்ளைக் கோடுகள வச்சு எடுத்த தூரம், அதனால துல்லியம்னு சொல்ல மாட்டேன். வேன் விலகி மோட்டார் முழுசா தெரியும்போது இடைவெளி முப்பது மீட்டர் சொச்சம். இவன் மணிக்கு 62, பாய் ஒரு 15, வித்தியாசம் 47, செகண்டுக்கு 13 மீட்டர். ஈர ரோட்டுல சுமாரான பிரேக் புடிச்சா இந்த வித்தியாசத்த கழிக்க ஒரு 17 மீட்டர் வேணும். வேன் விலகின அரை செகண்டுல பிரேக் விழுந்திருந்தா தொடாம தப்பிச்சிருக்கும். மச்சானுக்கு ஒரு செகண்டுக்கு மேல ஆச்சு, அது மனுஷனுக்கு சாதாரணமான நேரம்தான், அவன குத்தம் சொல்ல முடியாது. மெஷினுக்கு அத விட அதிகமா ஆச்சு. மனுஷன விட வேகமா பாக்கும்னு சொல்லித்தான இத விக்கிறாங்க.

இப்ப அந்த டேஷ்கேம் வீடியோவோட ஃபிரேமுகள, ஒவ்வொரு படமா, நிறுத்திப் பாப்போம். ரொட்டி பாய் மோட்டார பின்னாடியிலேர்ந்து என்னைக்காவது நின்னு கவனிச்சிருக்கீங்களா? அது மோட்டார் மாதிரியே இருக்காது லா. நடுவுல பெரிய பெட்டி, அதுக்கு மேல நீல கேன்வாஸ், மழைக்காக கயிறு போட்டு கட்டியிருக்கு. ரெண்டு பக்கமும் முறுக்கு, மிக்சர், பன்னு பாக்கெட்டு சரம் சரமா தொங்குது. பாயோட முதுகு தெரியல, கை தெரியல, கேன்வாஸுக்கு மேல ஹெல்மெட்டு மட்டும் அரைவட்டமா எட்டிப் பாக்குது. பின் லைட்டு கேன்வாஸ் மடிப்புக்குள்ள போயிடுச்சு, நம்பர் பிளேட்டு பாதி பாக்கெட்டுக்குப் பின்னாடி. பின் சக்கரத்துல கீழ கொஞ்சம்தான் தெரியுது, அதுவும் ரோட்டுத் தண்ணியில எதிர்ல இருக்கற கடையோட விளக்கு பளபளன்னு அடிச்சு சக்கரம் எங்க முடியுது ரோடு எங்க ஆரம்பிக்குதுன்னே புரியல. நமக்கு இத பாத்த உடனே ரொட்டி பாய்னு தெரியும். ஹார்ன் சத்தம் கேட்டாலே வீட்டுலேர்ந்து சில்லற எடுத்துக்கிட்டு ஓடுன ஆளுங்கதான நாம.

அந்த ஃபிரேமுகள யோலோங்கற மாடல்ல போட்டேன், படத்துல என்னென்ன பொருள் இருக்குன்னு கண்டுபிடிக்கற மாடல் அது. யார் வேணா இறக்கிக்கலாம், கோகோங்கற படத் தொகுப்புல பழகினது, 80 வகைப் பொருள் தெரியும். மச்சான் கார்ல ஓடுறது இது இல்ல, அது கம்பெனியோட சொந்த நியூரல் நெட்வொர்க், அதாவது அவங்களே பழக்கின மாடல், அதுக்குள்ள என்ன இருக்குன்னு வெளிய யாருக்கும் காட்ட மாட்டாங்க. ஆனா இந்த ஜாதி மாடல் எப்படி தடுமாறும்னு பாக்கறதுக்கு இது போதும். ஒரு ஃபிரேம்ல லோரின்னு சொல்லுது, கான்ஃபிடென்ஸ் குறைவு. அடுத்ததுல ஒண்ணுமே இல்ல. பெட்டி கொஞ்சம் ஆடி சக்கரம் தெரிஞ்சப்ப மோட்டார்னு சொல்லுது, பரவால்லயேன்னு பாத்தா மறுபடி லோரி, நடுவுல ஒரு தடவ சூட்கேஸ். ஹெல்மெட்ட மட்டும் தனியா ஒரு ஆளுன்னு காட்டுது, காத்துல மிதக்கிற தலை. கோகோவுக்கு ஒட்டகச்சிவிங்கி தெரியும், வரிக்குதிரை தெரியும், பீசா தெரியும். ரொட்டி பாய தெரியாது.

இந்த மாதிரி நெட்வொர்க் பொதுவா எப்படி முடிவு பண்ணுதுன்னா, படத்துல ஒரு பகுதியப் புடிச்சு, இது காரா, லோரியா, மோட்டாரா, ஆளான்னு தனக்கு சொல்லிக் குடுத்த லிஸ்ட்டுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க் போடும். லிஸ்ட்டுல இல்லாதது எதிர்ல வந்தாலும் அந்த லிஸ்ட்டுக்குள்ளயேதான் மார்க்கப் பிரிச்சுக் குடுத்தாகணும். மோட்டாருக்குக் கொஞ்சம், லோரிக்குக் கொஞ்சம்னு சிதறிப் போனா எதுவுமே குறிச்ச அளவ தாண்டாது. தாண்டலன்னா அந்த எடத்துல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். என்னன்னு தெரியலன்னு சொல்றதுக்கும் ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கும் இடையில நமக்கு மலையளவு வித்தியாசம் இருக்கு, அந்த சிஸ்டத்துக்கு ரெண்டும் ஒரே காலி எடம்தான். மச்சானோட மீட்டர்ல படம் வராமப் போனது இதனாலதான்னு நான் நெனைக்கிறேன்.

பேரு வைக்காம பிரேக் புடிக்கத் தெரியாது, இதுதான் என் கட்சி. மனுஷன் அப்படி இல்ல. இருட்டுல முன்னாடி ஏதோ கருப்பா தெரிஞ்சா அது மாடா, பேரலா, விழுந்து கெடக்கற மரக் கிளையான்னு யோசிக்கறதுக்கு முன்னாடியே கால் பிரேக்குக்குப் போயிடும், என்னன்னு அப்புறம் இறங்கிப் பாத்துக்கலாம்.

சரி, பேரு தப்பா வச்சாக்கூட ஏதோ ஒண்ணு முன்னாடி இருக்குன்னாவது தெரியணும்ல? அங்கதான் அடுத்த கோளாறு. ஒரே ஒரு ஃபிரேம நம்பி எந்தக் காரும் பிரேக் அடிக்காது, தொடர்ந்து பல ஃபிரேம்ல ஒரே பொருள் தெரியணும், அது எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்துல போகுதுன்னு கணக்கு வச்சுக்கிட்டே வரணும். பேரு மாறிக்கிட்டே இருந்தா இந்தக் கணக்கு அறுந்து போக வாய்ப்பு இருக்கு, கிளார்க் மாறும்போதெல்லாம் பழைய ஃபைல தூக்கிப் போட்டுட்டு புது ஃபைல் தொறக்கற ஆபீஸ் மாதிரி.

இது கற்பனை இல்ல. 2018 மார்ச் 18 ராத்திரி, அமெரிக்காவுல அரிசோனா மாநிலம் டெம்பி ஊர்ல ஊபரோட தானோட்டி டெஸ்ட் கார், சைக்கிளத் தள்ளிக்கிட்டு ரோட்டக் கடந்த ஒரு பெண்மணிய மோதிக் கொன்னுடுச்சு. அமெரிக்க போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், என்டிஎஸ்பி, அத அக்குவேறா ஆணிவேறா பிரிச்சு ரிப்போர்ட் போட்டாங்க. அந்தக் கார்ல லைடார் (லேசர் வச்சு தூரம் அளக்கறது), ரேடார், கேமரா எல்லாமே இருந்துச்சு, மோதறதுக்கு 5.6 செகண்டு முன்னாடியே ரேடார் அவங்களப் புடிச்சிருச்சு. ஆனா முதல்ல வண்டின்னுது, அப்புறம் வேற ஏதோன்னுது, மறுபடி வண்டி, அப்புறம் சைக்கிள். ஒவ்வொரு தடவ பேரு மாறும்போதும் அது வரைக்கும் சேத்து வச்ச நகர்வுக் கணக்கு போயிடுச்சு, அதனால அவங்க ரோட்ட குறுக்கால கடக்கறாங்கன்னு சிஸ்டம் கடைசி வரைக்கும் உருப்படியா கணிக்கவே இல்ல. கிராசிங் இல்லாத எடத்துல ஆளு கடப்பாங்கன்னு யோசிக்கற ஏற்பாடே அதுல கிடையாது. 1.2 செகண்டு இருக்கும்போதுதான் ஆபத்துன்னு தெரியுது, அதுக்கப்புறமும் பொய் எச்சரிக்கைக்கு பயந்து ஒரு செகண்டு ஒண்ணும் பண்ணாம காத்திருக்கற மாதிரி புரோகிராம் பண்ணியிருந்தாங்க. அந்த வோல்வோ கார்ல கம்பெனி வச்சு அனுப்பின அவசர பிரேக்கையும் டெஸ்ட்டுக்காக அணைச்சு வச்சிருந்தாங்க. உள்ள உக்காந்திருந்த ஆளு ஃபோன்ல நிகழ்ச்சி பாத்துக்கிட்டு இருந்தாங்க. இத்தன தப்பு ஒண்ணு மேல ஒண்ணு. அது தானோட்டி டெஸ்ட் வண்டி, மச்சானோடது கடையில வாங்கின டிரைவர் அசிஸ்ட் கார், ரெண்டும் ஒண்ணு இல்ல. ஆனா பேரு மாறினதும் ஆளோட நடமாட்டமே கணக்குலேர்ந்து மறைஞ்சு போன அந்த ஒரு எடத்த படிக்கும்போது எனக்கு ரொட்டி மோட்டார்தான் ஞாபகம் வந்துச்சு.

தூரம் எப்படி அளக்குதுன்னும் பாக்கணும். மச்சான் கார்ல கண்ணாடிக்குப் பின்னாடி ஒரே ஒரு கேமராதான், முன் பம்பருக்குள்ள ஒரு ரேடார். ஒத்தக் கேமராவுக்கு ஆழம் நேரடியா தெரியாது, அதனால பொருளோட அடி, ரோட்டத் தொடுற எடம், படத்துல எவ்வளவு உசரத்துல இருக்குன்னு பாத்து தூரத்த கணிக்கறது இந்தத் துறையில ரொம்ப நாளா இருக்கற வழி. ரோடு சமமா இருக்கணும், அடி தெளிவா தெரியணும். ஆஸ்திரேலியாவுல வோல்வோ கார் கங்காரு குதிக்கும்போது தூரத்த தப்பாக் கணிக்குதுன்னு 2017-ல அந்தக் கம்பெனி ஆளுங்களே சொன்னாங்க, குதிச்சு மேல இருக்கும்போது தள்ளி இருக்கற மாதிரியும் இறங்கினா கிட்ட வந்துட்ட மாதிரியும் தெரியுதாம். பாயோட பாக்கெட்டு சரம் சக்கரத்த மறைச்சு, மீதிய தண்ணியில அடிச்ச வெளிச்சம் மறைச்சா இங்கயும் அதே கதைதான்.

ரேடார் இருக்கே, அதுக்கு பேரு தேவையில்லயேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ரேடாருக்கு உலோகம்னா நல்லா தெரியும், பிளாஸ்டிக் கூடையும் கேன்வாஸும் அதுக்குப் பாதி கண்ணாடி மாதிரி, அலை பெரும்பாலும் ஊடுருவிப் போயிடும், மோட்டாரோட இரும்பு கொஞ்சம்தான். அதோட நிக்கிற பொருள், மெதுவா போற பொருள்னாலே ரேடாருக்குத் தலைவலி, ஏன்னா ரோட்டோரக் கம்பி, தலைக்கு மேல போற போர்டு, பாலத்தோட இரும்பு எல்லாமே நிக்கிற பொருள்தான், எல்லாத்துக்கும் பிரேக் அடிச்சா கார் ஓட்டவே முடியாது. அதனால பல கார்ல கேமராவும் ஆமான்னு சொன்னாத்தான் பலமா பிரேக் புடிக்கிற மாதிரி வச்சிருப்பாங்க. கேமரா பேரு சொல்லாம முழிச்சா ரேடார் சொல்றது எடுபடாது. நிக்கிற வண்டிய கண்டுபிடிக்காம போகலாம்னு கார் புத்தகத்துலயே போட்டிருப்பாங்க, யார் படிக்கறா.

வேன் விலகினதும் வேகம் எடுத்துச்சே, அது தனிக் கதை. 2018 மார்ச் 23, கலிஃபோர்னியா மவுண்டன் வியூல ஒரு டெஸ்லா மாடல் எக்ஸ், ஹைவே பிரியற எடத்துல தேஞ்சு போன கோட்ட லேன்னு எடுத்துக்கிட்டு நடுவுல இருந்த தடுப்புல போய் மோதுச்சு, ஓட்டினவரு இறந்துட்டாரு. முன்னாடி போன கார் இனிமே தன் வழியில இல்லன்னதும் அந்தக் கடைசி மூணு செகண்டுல மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர்லேர்ந்து 114-க்கு ஏறியிருக்கு, செட் பண்ண ஸ்பீடு 120-ன்னு வச்சதால. மறைச்சுக்கிட்டு இருந்த வண்டி விலகும்போது வேகத்த ஏத்தாம ஒரு நொடி பொறுங்கடான்னு சொல்றதுக்கு நியூரல் நெட்வொர்க்கே வேணாம், சாதாரண விதி போதும். மச்சான் கேஸ்லயும் என் ஆத்திரம் கேமரா மேல இருக்கறத விட இது மேலதான் அதிகம். கண்ணு தெரியாதது ஒரு குறை, கண்ணு தெரியாத நேரத்துல ஆக்சிலேட்டர மிதிக்கறது வேற ரகம்.

ஃபுளோரிடாவுல 2016 மே 7 வில்லிஸ்டன்ல ஒரு டெஸ்லா மாடல் எஸ், ரோட்டக் குறுக்கால கடந்த லோரியோட டிரெய்லருக்கு அடியில புகுந்துச்சு. வெள்ளை டிரெய்லர், பின்னாடி வெளிச்சமான வானம்னு கம்பெனி சொன்னாங்க. அந்த கேமரா சிப் செஞ்ச மொபைல்ஐ, எங்க சிஸ்டம் முன்னாடி போற வண்டிய பின்னாலேர்ந்து இடிக்காம இருக்கத்தான், குறுக்கால வர்றதுக்கு இல்லன்னாங்க. 2019 மார்ச் 1 அதே மாநிலத்துல டெல்ரே பீச்ல மாடல் 3, மறுபடி குறுக்கால வந்த லோரி, மறுபடி அடியில புகுந்துச்சு. நடுவுல மூணு வருஷம் கிட்ட போயிருக்கு, ஹார்டுவேரே மாறியிருக்கு. லோரிய பின்னாடியிலேர்ந்து பாத்தா லோரின்னு தெரியற மெஷினுக்கு பக்கவாட்டுல பாத்தா தெரியாம போகலாம்ங்கறத நம்ப நமக்கு கஷ்டமா இருக்கு, ஏன்னா நமக்குள்ள லோரிங்கறது ஒரே பொருள். அதுக்கு அது படங்களோட கூட்டம், எந்தக் கோணம் கூட்டத்துல நெறைய இருக்கோ அதுதான் லோரி.

அந்தக் கூட்டம் எங்கேர்ந்து வருதுன்னு பாத்தா நம்ம ஊரு நெலம புரியும். இந்தத் துறையில எல்லாரும் எடுத்துப் பழகின படத் தொகுப்புல கிட்டிங்கறது ஜெர்மனி கார்ல்ஸ்ரூல 2012-ல வந்தது, சிட்டிஸ்கேப்ஸ் 2016, 50 நகரம், பெரும்பாலும் ஜெர்மனிதான், பகல் வெளிச்சம், நல்ல வானிலை. பக்கத்துல வர்றதுன்னா நூசீன்ஸ், பாஸ்டன்லயும் சிங்கப்பூர்லயும் எடுத்தது, சிங்கப்பூர்ல ரொட்டி பாய் எங்க இருக்காரு. ஹைதராபாத்துல ட்ரிபிள்ஐடி கல்லூரி ஆளுங்க 2018-ல ஐடிடின்னு ஒண்ணு போட்டாங்க, ஹைதராபாத், பெங்களூர் ரோட்டுல எடுத்த சுமார் 10,000 படம், அதுல ஆட்டோவுக்குத் தனி வகை இருக்கு, அத விட முக்கியமா எந்த வகையிலயும் சேராத வண்டிக்குன்னே ஒரு வகை வச்சிருக்காங்க. ரோடு தெரிஞ்சவன் செஞ்ச வேல அது. கார் கம்பெனிங்க சொந்தமா இத விட பல மடங்கு டேட்டா வச்சிருப்பாங்க, நான் மறுக்கல, ஆனா அதுல பிறை ரோடு எவ்வளவு?

இங்க மலேசியா ரோட்டுல சாகிறதுல பாதிக்கு மேல, ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு, மோட்டார் ஓட்டறவங்களும் பின்னாடி உக்காந்தவங்களும்தான். இதனாலதான் மலேசிய சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான மிரோஸ்ல இயங்கற ஆசியான் என்கேப், புதுக் காருங்கள மோதிப் பாத்து பாதுகாப்புக்கு மார்க் போடற அமைப்பு, மதிப்பெண் போடறதுல 2021-லேர்ந்து மோட்டார்காரங்க பாதுகாப்புக்குன்னு ஒரு தனிப் பங்கே ஒதுக்குனாங்க, யூரோ என்கேப் மோட்டார வச்சு அவசர பிரேக் டெஸ்ட் ஆரம்பிச்சது 2023-லதான். இந்த விஷயத்துல நாம முந்திட்டோம்னு பெருமப்படலாம். ஆனா டெஸ்ட்டுல நிக்கற மோட்டார் சுத்தமான மோட்டார், நிமிந்து உக்காந்த பொம்மை. நம்ம ஆளு காத்துக்காக ஜாக்கெட்ட முன்னுக்குப் பின்னா மாட்டிக்கிட்டுப் போறான், பின்னாடி கேஸ் தோம்பு, சிலிண்டர்தான், கட்டியிருப்பான், இல்லன்னா நாலு மீட்டர் பிவிசி பைப்ப தோள்ல வச்சிருப்பான்.

இதுக்காக இதெல்லாம் தண்டம்னு தூக்கிப் போடச் சொல்லல. அமெரிக்காவுல இன்சூரன்ஸ் கம்பெனிங்க காசுல நடக்கற சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ் பாத்த கணக்குல அவசர பிரேக் இருக்கற கார், முன்னாடி போற காரப் பின்னாலேர்ந்து இடிக்கறது 53 சதவீதம் குறைஞ்சிருக்கு, முன்னாடி போறது மோட்டார்னா 41 சதவீதம். 41 ஒண்ணும் சின்ன நம்பர் இல்ல, எத்தனையோ குடும்பம். ஆனா கார் நல்லா தெரியுது, மோட்டார் கொஞ்சம் கம்மியா தெரியுதுங்கற அந்த இடைவெளி அங்கயே இருக்குன்னா இங்க எவ்வளவு இருக்கும்னு யோசிக்க வேண்டியதுதான். ஆளுங்கள இடிக்காம பாத்துக்கறதுலயும் அதே ஐஐஎச்எஸ், விளக்கு இல்லாத ராத்திரி ரோட்டுல இந்த சிஸ்டம் இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான்னு 2022-ல கண்டாங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு, அந்த மார்க் அளவக் குறைச்சு வச்சு எதுக்கு வேணா பிரேக் அடிக்கவிட்டா என்ன? 2022 பிப்ரவரியில அமெரிக்க அரசு நாலு லட்சத்துக்கு மேல டெஸ்லா காருங்க மேல விசாரணை தொறந்தாங்க, காரணமே இல்லாம ஹைவேல பிரேக் புடிக்குதுன்னு. ஜெலுத்தோங் எக்ஸ்பிரஸ்வேல காலையில நூறு மோட்டார் ரெண்டு லேனுக்கு நடுவுல புகுந்து போகும்போது ஒவ்வொண்ணுக்கும் பிரேக் அடிச்சா பின்னாடி வர்றவன் நம்ம டிக்கியில ஏறிடுவான். இப்பவே அந்த பீப் சத்தம் தாங்காம நெறைய பேரு காரெடுத்ததும் முதல் வேலையா எல்லாத்தையும் அணைச்சுடறாங்க.

கொஞ்ச நாள் கழிச்சு பாய் முட்டி ஆறினதும், பாகான் டாலாம்ல கோயிலுக்குப் பின்னாடி காலி எடத்துல ஒரு சோதனை போட்டோம். பிரேக்க சோதிக்கல, அது ஆபத்து. மச்சான் கார் மெதுவா உருண்டு வரும், பாய் மோட்டார் முன்னாடி போகும், மீட்டர்ல என்ன படம் வருதுன்னு நான் பக்கத்து சீட்டுலேர்ந்து பாப்பேன், அவ்வளவுதான். பெட்டி நெறைய சரக்கு, ரெண்டு பக்கமும் பாக்கெட்டு தொங்கும்போது படம் வரும், போகும், ஒரு தடவ கார் படமே வந்துச்சு. பக்கத்துச் சரங்கள கழட்டிட்டு கேன்வாஸ மேல சுருட்டி பாயோட முதுகு தெரியற மாதிரி வச்சா மோட்டார் படம் வந்து அசையாம நிக்குது. சில தடவ மாத்தி மாத்திப் பாத்தோம், பெருசா மாறல. பகல்ல, காஞ்ச தரையில, மெதுவா போகும்போதே இப்படி. பாய்க்கு ஒரே சிரிப்பு. "ஏன் தம்பி, அதுக்கு மோட்டார் வேணும், ரொட்டி வேணாமா? ரொட்டிய எறக்கி வச்சுட்டா நான் எதுக்கு மோட்டார் ஓட்டணும்?"

ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்க பாய்னு மச்சான் சொன்னான், நான்தான் பொறுடான்னேன். 2025 ஜனவரியில ஐஐஎச்எஸ் ஒரு சோதனை வெளியிட்டாங்க, பளபளக்கற பட்டை போட்ட உடுப்ப ஆள் பொம்மைக்கு மாட்டி ராத்திரியில விட்டா ஹோண்டா சிஆர்-வியும் மஸ்டா சிஎக்ஸ்-5-உம் பெரும்பாலான தடவ இடிச்சிருக்கு, சுபாரு ஃபாரஸ்டர் கிட்டத்தட்ட எல்லா தடவையும் தப்பிச்சிருக்கு. மனுஷன் கண்ணுக்குப் பளிச்சுனு தெரியற அதே பட்டை சில கேமராவுக்கு ஆளோட உருவத்தையே உடைச்சுடுது. அதுக்காக பட்டை வேணாம்னு இல்ல, ரோட்டுல மனுஷன் ஓட்டற கார்தான் இன்னும் அதிகம், ஒட்டத்தான் சொல்லுவேன், ஆனா உருவத்த மறைக்காத எடத்துல.

செய்ய வழி இல்லாம இல்ல. ரெண்டு கேமரா வச்சா, ரெண்டு படத்துலயும் பொருள் தெரியற எடத்தோட வித்தியாசத்த வச்சு முன்னாடி ஒரு திடப்பொருள் நிக்குதுன்னு பேரே வைக்காம சொல்லிடலாம், நம்ம ஊர்ல 2017 பெரோடுவா மைவி கார்லயே இந்த ரெட்டை, ஸ்டீரியோ கேமரா வந்துடுச்சு, அதுக்கும் மழையும் இருட்டும் தொந்தரவுதான், ஆனா தோத்துப் போற விதம் வேற. டெஸ்லா 2022-ல காட்டின ஆக்குபென்சி நெட்வொர்க்கும் இதே யோசனைதான், என்ன பொருள்னு கேக்கறதுக்கு முன்னாடி அந்த எடம் நெறஞ்சிருக்கா காலியான்னு கேக்கறது. அமெரிக்காவுல 2024 ஏப்ரல்ல போட்ட விதிப்படி 2029 செப்டம்பர்லேர்ந்து புதுக் காரெல்லாம் இருட்டுலயும் ஆளுங்களுக்கு பிரேக் புடிச்சாகணும். நம்ம மோட்டாருக்கும் அந்த மாதிரி ராத்திரி, மழை, மூட்டையோட ஒரு டெஸ்ட் வேணும். யாராவது ஒரு ரொட்டி மோட்டார பொம்மையா செஞ்சு டிராக்ல ஓட விட்டா நான் லீவு போட்டு பாக்கப் போவேன்.

அதுக்கு முதல்ல இந்த மாதிரி கேஸ் எங்கயாவது பதிவாகணும். அமெரிக்காவுல 2021 ஜூன்லேர்ந்து லெவல் 2 சிஸ்டம் (வேகமும் ஸ்டியரிங்கும் கார் பாத்துக்கும், கவனிக்கறது ஓட்டறவன் வேல) ஓடிக்கிட்டு இருக்கும்போது நடக்கற குறிப்பிட்ட வகை விபத்த கம்பெனிங்க அரசுக்கு ரிப்போர்ட் பண்ணியாகணும். மச்சான் குடுத்த போலீஸ் ரிப்போர்ட்டுல என்ன இருக்கு? முன்னாடி மோட்டார் போச்சு, பிரேக் புடிச்சேன், ரோடு ஈரம், வழுக்கிடுச்சு. ஏசிசி ஆன்ல இருந்துச்சு, வேன் விலகினதும் கார் தானா வேகம் எடுத்துச்சுன்னு ஒரு வார்த்தை இல்ல, யாரும் கேக்கவும் இல்ல, அவனும் சொல்லல, சொன்னா இன்னும் தன் தலையில விழுமோன்னு பயம். சட்டப்படி லெவல் 2-னா ஓட்டறவன்தான் பொறுப்பு, அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா வேன் விலகின அந்த சில செகண்டுல கார் என்ன பாத்துச்சுங்கற பதிவ எங்ககிட்ட குடுக்க முடியுமான்னு சர்வீஸ் சென்டர்ல கேட்டதுக்கு, தலைமையகத்துக்கு எழுதிப் பாக்கறோம்னாங்க. இன்னும் பதில் வரல.

மச்சான் இப்ப ஏசிசிய ஹைவேல மட்டும்தான் போடறான், இடைவெளிய இருக்கறதுலயே அதிகமா வச்சிருக்கான், முன் மோதல் எச்சரிக்கைய சீக்கிரமா வர்ற செட்டிங்க்கு மாத்திட்டான், அந்த செட்டிங் இருக்கறதே அவனுக்கு இப்பத்தான் தெரியும். பாய் மோட்டாருக்கு எங்க தெரு ஒர்க்‌ஷாப் அண்ணன் பெட்டிக்கு வெளிய ஒரு கம்பி வெல்ட் பண்ணி, பின் லைட்டையும் நம்பர் பிளேட்டையும் அங்க எடுத்து மாட்டிக் குடுத்தாரு, காசு மச்சான் குடுத்தான். மறுபடி கோயிலுக்குப் பின்னாடி ஓட்டிப் பாத்தப்ப முழு சரக்கோடயே மோட்டார் படம் முன்ன விட அதிக நேரம் நிக்குது, நடுவுல ஒண்ணு ரெண்டு தடவ அணைஞ்சுது. ராத்திரியிலயும் மழையிலயும் இன்னும் போட்டுப் பாக்கல.